ஆடியில் வந்த ஆக்சில்

அந்த ஜீப் என் ஷெட்டுக்குள் நுழைந்தபோது அதன் மேல் எட்டு மாதத்து மண் இருந்தது. செம்மண்ணும் களியும் கலந்து, சக்கரங்களுக்கு மேலேயும் கதவுகளுக்குக் கீழேயும் பின் நம்பர் பலகையின் பாதியிலும் அப்பிக் காய்ந்து, ஓடு ஓடாக வெடித்திருந்தது. ஓட்டி வந்தவர் ஐம்பது வயதை ஒட்டிய ஒரு பெண்மணி. வெளிர் நிற நூல் சேலை, கையில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். அவர் இறங்கிக் கதவைச் சாத்திய அதிர்வில் உள்ளங்கை அகல மண்கட்டி ஒன்று உதிர்ந்து சிமெண்டுத் தரையில் விழுந்தது. அவர் குனிந்து அதைப் பார்த்தார். எடுத்துப் பத்திரப்படுத்தப் போகிறாரோ என்று எனக்குத் தோன்றியது. எடுக்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“இது டூ வீல் டிரைவ் ஜீப்பு. ஃபோர் வீலா மாத்தணும். எங்க வீட்டுக்காரவுக ஒங்ககிட்ட முன்னயே சொல்லிவச்சிருந்தாக” என்றார். பிறகு, அவர் யாரென்று நான் கேட்டுவிடுவேனோ என்பதுபோல, “மயிலாடும்பாறைக்கு மேல எலுமிச்சந்தோட்டம் வச்சிருந்தாகளே, அவுக. கடமலைக்குண்டுல நான் டீச்சரா இருக்கேன்” என்று சேர்த்துக்கொண்டார்.

கேட்க வேண்டிய தேவையே இல்லை. வண்டியின் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது. தேனியில் பெரியகுளம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் இருக்கிறது என் ஷெட். மலையேறும் ஜீப்புகளுக்கு வேலை பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஒருமுறை கேட்ட எஞ்சினை நான் மறப்பதில்லை. இந்த எஞ்சினை மறக்க நினைத்தும் முடிந்திருக்கவில்லை.

டீச்சரின் கணவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். நெடுநெடுவென்று உயரம். பேசும்போது எதிரில் இருப்பவரின் தோளைத் தொட்டுப் பேசுகிற பழக்கம். வேதக்காரக் குடும்பம், ஜீப்பின் கண்ணாடியில் ஒரு ஜெபமாலை தொங்கும். மயிலாடும்பாறையைத் தாண்டி அவர்கள் ஊரிலிருந்து மலைச்சரிவில் ஏறினால், அவருடைய இலவ மரங்களும் எலுமிச்சையும் இருந்தன. அவற்றுக்கும் மேலே இருபது முப்பது வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு. அங்கே போகிற மண்பாதை வெயில் காலத்தில் சாதுவாக இருக்கும். மழை விழுந்தால் சோப்புப் போட்டதுபோல வழுக்கும். அவருடைய ஜீப்பில் எஞ்சினின் இழுவை பின் சக்கரங்களுக்கு மட்டும்தான். முன் சக்கரங்கள் வண்டியைத் திருப்புமே தவிர இழுக்காது. சகதியில் பின் சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் கதை முடிந்தது. அதனால் ஒரு வைகாசியில் என்னிடம் வந்து, முன் சக்கரங்களும் இழுக்கிற மாதிரி மாற்றித் தரும்படி கேட்டார்.

அது சின்ன வேலை இல்லை. முன்னால் இருக்கும் வெறும் இரும்புக் கட்டையைக் கழற்றிவிட்டு, உள்ளே பல்சக்கரங்கள் கொண்ட ஆக்சிலைப் பொருத்த வேண்டும். கியர் பாக்ஸின் பின்னால் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைச் சேர்க்க வேண்டும். அங்கிருந்து முன்னே ஒரு புது ஷாஃப்ட் ஓட வேண்டும். முன் ஆக்சிலின் பல் கணக்கும் பின் ஆக்சிலின் பல் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் முன் சக்கரம் ஒரு வேகமும் பின் சக்கரம் ஒரு வேகமும் கேட்டு வண்டி தன்னைத்தானே முறித்துக்கொள்ளும். எல்லாம் பொருந்துகிற பழைய செட் கிடைப்பதுதான் கஷ்டம். கோயம்புத்தூரில் பழைய ராணுவ வண்டிகளை உடைக்கும் ஒருவரிடம் சொல்லிவைத்தேன். ஆடி இரண்டாவது வாரம் லாரியில் வந்து இறங்கியது. துருவே இல்லை. பல்சக்கரங்களை மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தபோது, இவ்வளவு நல்ல ஆக்சில் இதுவரை என் கைக்கு வந்ததில்லை என்று நினைத்தேன்.

நான்கு நாள் கழித்துக் கம்பத்திலிருந்து என் மச்சான் வந்தான். என் மனைவியின் தம்பி. ஏலத்தோட்டங்களுக்குத் தினமும் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப் அவனுடையது. மேலே ஒரு பள்ளத்தில் இறங்கி முன் ஆக்சில் விரிசல் விட்டிருந்தது. காய் எடுக்கும் பருவம். ஷெட்டுக்குள் வந்தவன் கண்ணில் முதலில் பட்டது அந்த ஆக்சில்தான். யாருக்கு வரவழைத்தது என்று சொன்னேன்.

“மாமா, இதக் குடுத்துருங்க. அவருக்கு வேற வரவழைச்சுக்கலாம். தோட்டத்துக்காரு ஆத்திர அவசரத்துல ஏறுற ஆளா என்ன?” என்றான்.

அன்று மதியம் வீட்டில் சாப்பிடும்போது என் மனைவி எதுவும் கேட்கவில்லை. கூட ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள், அவ்வளவுதான். மனைவி வீட்டாரிடம் கை நீட்டி நிற்காதவன், கேட்டதும் எடுத்துக் கொடுக்கக்கூடியவன் என்று பெயர் வாங்க எனக்கு ஆசை இருந்தது. இத்தனை வருடம் யோசித்துப் பார்த்தும் அதைவிடப் பெரிய காரணம் எதுவும் கிடைக்கவில்லை. சாயங்காலத்துக்குள் அந்த ஆக்சில் மச்சான் வண்டியின் கீழே இருந்தது. டிரான்ஸ்ஃபர் கேஸை மட்டும் மூலையில் வைத்துச் சாக்குப் போட்டு மூடினேன்.

ஆடி கடைசியில் அண்ணன் வந்தார். துணிப்பை நிறைய எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தார். “வந்துருச்சா?” என்று கேட்டபடி என் தோளில் கை வைத்தார். மூன்றடி தூரத்தில் அந்தச் சாக்கு மூட்டை இருந்தது.

“இன்னும் வரலண்ணே. லாரி ஸ்ட்ரைக்குன்னு சொல்றாக” என்றேன்.

லாரி ஸ்ட்ரைக் எதுவும் இல்லை. யோசிக்காமலேயே அந்த வார்த்தை என் வாயில் வந்தது. அவர் சந்தேகப்படவில்லை. “அதனால என்ன, அவசரமா? ஐப்பசி மழைக்குள்ள மாட்டிட்டா போதும்” என்று சொல்லி, பழத்தை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டுப் போனார். புரட்டாசியில் ஒருமுறை போன் செய்தார். அப்போதும் வரவில்லை என்றேன். அப்போது சொன்னது ஒருவகையில் உண்மைதான். கோயம்புத்தூர்க்காரருக்கு இரண்டாவது செட் கிடைத்திருக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எலுமிச்சை மரத்தடியில் அவரைக் கண்ணாடிவிரியன் கடித்தது. மூன்று நாளாக மழை. தோட்டத்தில் வேலை பார்த்தவர் பாதை வழியே கீழே ஓடி வந்து சொல்லியிருக்கிறார். டீச்சர் ஜீப்பை எடுத்துக்கொண்டு தனியாக ஏறியிருக்கிறார். இரண்டாவது வளைவில் பின் சக்கரங்கள் சுற்றி, வண்டி பக்கவாட்டில் சறுக்கி ஓடைக்கரையில் சாய்ந்துவிட்டது. அதை விட்டுவிட்டு மேலே ஓடியிருக்கிறார். நான்கு பேர் கட்டிலில் வைத்து, வழுக்கி வழுக்கி அவரைச் சுமந்து இறக்கியிருக்கிறார்கள். கீழே ஆம்புலன்ஸ் காத்திருந்தது. கண்டமனூர் தாண்டும்போது உயிர் போய்விட்டது.

இது எனக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியவந்தது. பழுதான ஒரு வண்டியைப் பார்க்கக் கடமலைக்குண்டு போனபோது, பேருந்து நிறுத்தச் சுவரில் அவருடைய படத்தோடு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி மழையில் பாதி உரிந்து தொங்கியது. நடந்ததையெல்லாம் அந்தப் பழுதான வண்டியின் சொந்தக்காரர்தான் சொன்னார். வீடு எங்கே இருக்கிறது என்று யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த வண்டியின் வேலையை முடித்துவிட்டுத் தேனிக்குத் திரும்பிவிட்டேன். அன்று தொடங்கியதுதான் அந்தச் சத்தம். ஷெட்டில் யாராவது ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது, எஞ்சின் சத்தத்துக்கு அடியில் பிடிமானமில்லாமல் சகதியில் சுற்றும் சக்கரத்தின் சத்தம் எனக்குக் கேட்கும். அந்த இடத்தை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் சத்தம் துல்லியமாகக் கேட்கும்.

மச்சான் பொங்கலுக்கு வந்தபோது ஜீப்பை என் வீட்டு வாசலில்தான் நிறுத்தினான். முன் சக்கரங்களுக்கு நடுவே, எண்ணெய் பூசிய கறுப்போடு அந்த ஆக்சில் இருந்தது. என் மனைவி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பின்வாசல் வழியாக வெளியே போனேன்.

அதனால்தான் டீச்சர் ஜீப்போடு வந்து நின்ற அந்த ஆனி மாதக் காலையில், வண்டியை விட்டு அவரையே பார்த்தேன். அவருக்கு எதுவும் தெரியாது என்பது முகத்தைப் பார்த்ததுமே புரிந்தது. செட் கிடைக்கத் தாமதமானது, அதற்குள் இப்படி நடந்துவிட்டது என்றுதான் அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

“செய்றேன் டீச்சர். மொதல்ல மண்ணக் கழுவணும்” என்றேன்.

“கழுவாமச் செய்ய முடியாதா?”

“போல்ட்டே தெரியாது டீச்சர்.”

“சரி. நான் போனப்பெறகு கழுவுங்க” என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு நடந்தார்.

நானே கழுவினேன். வேலையாட்களிடம் விடவில்லை. தண்ணீர் செங்கல் நிறத்தில் வாய்க்காலில் வெகுநேரம் ஓடியது. பின் சக்கரத்தைக் கழற்றியபோது உள்ளே, பிரேக் டிரம்மைச் சுற்றி இறுகிப்போன துணி ஒன்று இருந்தது. கத்தியால் அறுத்து எடுத்தேன். நீலக் கரை போட்ட சேலையின் முந்தானைப் பகுதி. முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. சக்கரம் பிடித்து ஏறுவதற்காகச் சேலையைக் கிழித்து அதன் அடியில் திணித்திருக்கிறார். சக்கரம் துணியையும் சேர்த்துச் சுற்றிவிட்டு அங்கேயே நின்றிருக்கிறது. அந்தத் துணியை அலசிக் காயவைத்து, காகிதத்தில் மடித்து, ஜீப்பின் முன்பெட்டிக்குள் வைத்தேன். அடுத்த சனிக்கிழமை டீச்சர் வந்தபோது பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார்.

இதற்கிடையே ஒரு காரியம் செய்தேன். அது சரியா, பைத்தியக்காரத்தனமா என்று இன்றும் எனக்குத் தெரியாது. கோயம்புத்தூரிலிருந்து வேறொரு ஆக்சில் வந்திருந்தது. அதையே டீச்சர் வண்டியில் மாட்டியிருக்கலாம். மாட்டவில்லை. கம்பத்துக்குப் போய் மச்சானிடம், இதை எடுத்துக்கொண்டு அதைத் திருப்பிக் கொடு என்று கேட்டேன்.

“ஏன் மாமா, அதுல என்ன சாமியா குடியிருக்கு? நல்லா ஓடுற வண்டியப் போட்டு ஏன் பிரிக்கணும்?” என்று சிரித்தான்.

“நீ ஒண்ணும் செய்ய வேணாம். நானே கழட்டி நானே மாட்டிக் குடுத்துர்றேன்.”

என் குரலில் என்ன கேட்டதோ, அவன் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தான். அவன் வீட்டு வாசலில் வண்டிக்குக் கீழே படுத்து, ஒரு முழுப் பகல் வேலை பார்த்தேன். அப்படியாக அந்த ஆக்சில், போய்ச் சேர வேண்டிய வண்டிக்கு ஒரு வருடம் பிந்தி வந்து சேர்ந்தது.

டீச்சர் சனிக்கிழமைதோறும் வருவார். ஒரு ஸ்டூலைப் போட்டு, விடைத்தாள் கட்டை மடியில் வைத்துத் திருத்திக்கொண்டே வேலையைக் கவனிப்பார். நடுநடுவே கேள்வி கேட்பார். பின் ஷாஃப்டை ஏன் வெட்டிக் குறுக்குகிறீர்கள், முன் சக்கரத்தின் நடுவில் அந்தத் திருகு எதற்கு என்று. நான் சொல்வேன்: இடையில் டிரான்ஸ்ஃபர் கேஸ் வந்து உட்கார்ந்துவிட்டதால் பின் ஷாஃப்ட்டுக்கு இடம் குறைகிறது, அந்தத் திருகைப் பூட்டினால்தான் முன் சக்கரம் ஆக்சிலோடு சேர்ந்து சுற்றும், தார்ச் சாலையில் திறந்து விட்டுவிட வேண்டும். கேட்டுக்கொண்டு மறுபடி தாளுக்குத் திரும்புவார். அவர் குனிந்திருக்கும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் போய்விடுவேன்.

ஒரு நாள் நானே கேட்டேன். “இப்ப இது எதுக்கு டீச்சர்? தோட்டத்தக் குத்தகைக்கு விட்டுட்டதாச் சொன்னீக.”

அவர் சிவப்புப் பேனாவை மூடினார். “மழையில, அந்த ஏத்தத்துல, இத ஏத்திப் பாக்கணும்” என்றார். “பாத்தாத்தான் எனக்கு நிம்மதி.”

ஆவணியில் வேலை முடிந்தது. மாற்றியமைத்ததை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி, வண்டியின் புத்தகத்தில் பதிந்து, அண்ணனின் பெயரிலிருந்து அவர் பெயருக்கு மாற்றி எல்லாம் ஆனது. வண்டியை எடுக்க வந்தவரிடம் கியர் லீவருக்குப் பக்கத்தில் புதிதாக முளைத்திருந்த சின்ன லீவரைக் காட்டினேன். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “மழைக்குச் சொல்லி அனுப்புறேன். நீங்களும் கூட வரணும்” என்றார்.

சொல்லி அனுப்பவில்லை. நேரிலேயே வந்தார். கல்லறைத் திருநாளுக்கு மறுநாள். இரண்டு நாளாக விடாமல் பெய்த மழையில் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். காலை பத்து மணி இருக்கும். ஷெட் வாசலில் ஜீப்பை நிறுத்தி ஹாரன் அடித்தார். நான் ஏறிக்கொண்டேன். மயிலாடும்பாறை போய்ச் சேரும்வரை ரோட்டைப் பற்றி மட்டும் ஒன்றிரண்டு வார்த்தை பேசினார். கண்ணாடியில் ஜெபமாலை ஆடிக்கொண்டே வந்தது.

பாதையின் அடிவாரத்தில் நிறுத்தினார். நான் மழையில் இறங்கி முன் சக்கரத் திருகுகள் இரண்டையும் பூட்டினேன். ஏறி உட்கார்ந்து சின்ன லீவரை, நான்கு சக்கரமும் சேர்ந்து மெதுவாக இழுக்கும் லோவுக்குத் தள்ளினேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது அண்ணனுடையது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஏறினோம். முதல் வளைவில் வண்டி லேசாக வால் ஆட்டியது. இரண்டாவது வளைவு எனக்கு யாரும் சொல்லாமலேயே தெரிந்தது. இடதுபக்கம் ஓடை, அதன் கரையில் வண்டி சாய்ந்து கிடந்த பள்ளம் இன்னும் மூடவில்லை. அவர் அழுத்தவும் இல்லை, தயங்கவும் இல்லை. பின் சக்கரங்கள் ஒரு நொடி சுற்றின. ஒரு வருடமாக என் காதில் இருந்த அதே சத்தம். உடனே முன் சக்கரங்கள் மண்ணைக் கவ்வின. சகதி பானட் மேலே தெறித்தது. வண்டி தன் மூக்கைத் தானே இழுத்துக்கொண்டு வளைவைத் தாண்டியது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. கூப்பிட்டால் வருகிற மாடுபோல ஏறியது. எலுமிச்சை மரங்களுக்குப் பக்கத்தில் போய் நின்றோம்.

“ஒம்போது நிமிசம்” என்றார் டீச்சர்.

எஞ்சினை நிறுத்தினார். மழை தார்ப்பாய்க் கூரையில் கொட்டியது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே பேசினார்.

“ஏறாதுன்னுதான் நெனச்சேன். ஃபோர் வீல் போட்டிருந்தாலும் அன்னைக்கு இந்தச் சகதியில ஏறியிருக்காது, யாரு வந்திருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுன்னு… அதப் பாக்கத்தான் வந்தேன். இது என்னன்னா, இம்புட்டு லேசா ஏறிருச்சே.”

அழவில்லை. அழுதிருந்தால் நான் ஒருவேளை தப்பித்திருப்பேன். அந்தக் குரலைக் கேட்டபிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

“டீச்சர், செட்டு வரலன்னு அண்ணங்கிட்டச் சொன்னது பொய். ஆடியிலயே வந்துருச்சு. என் மச்சான் வண்டி ஒடஞ்சு கெடந்துச்சு, அவனுக்குத் தூக்கிக் குடுத்துட்டேன். அந்த ஆக்சிலத்தான் திரும்ப வாங்கி இதுல போட்டிருக்கேன். இப்ப ஏறுனது அதுதான்.”

அவர் திரும்பவில்லை. “ஆடியில எப்ப?” என்று கேட்டார்.

“ரெண்டாவது வாரம்.”

“மாட்ட எத்தன நாளு ஆகும்?”

“அது ஒண்ணத் தவிர வேற வேல பாக்கலன்னா, பத்து நாளு.”

ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து விரல்களை மடக்கினார். ஆடி என்று ஒரு விரல். ஆவணி. புரட்டாசி. நான்காவது விரலை மடக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு எஞ்சினைக் கிளப்பி வண்டியைத் திருப்பினார். அதே பாதையில், ஏறியதைவிடக் கவனமாக இறக்கினார். அடிவாரத்தில் நிறுத்தி, “எறங்கிக்கோங்க” என்றார். கோபமான குரல் இல்லை. வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையை வகுப்புக்கு வெளியே போகச் சொல்கிற குரல். இறங்கினேன். மழையில் குந்தி முன் சக்கரத் திருகுகளைத் திறந்துவிட்டேன். நான் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுப் போனார். மயிலாடும்பாறைக்கு நனைந்தபடி நடந்து வந்து பேருந்து ஏறினேன்.

அன்று என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தவள், “அவன் கேட்டான்னுதானே குடுத்தீக” என்று தொடங்கினாள். பாதியில் நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு அவள் தம்பியின் வண்டியைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சு எழுந்ததில்லை.

டீச்சர் ஏறக்குறைய ஒரு வருடம் வரவில்லை. வேறு மெக்கானிக்கிடம் விடுகிறார் என்று நினைத்தேன். அந்தப் பக்கத்து ஆட்கள் ஷெட்டுக்கு வரும்போது ஜீப்பைப் பற்றிச் செய்தி கிடைக்கும். குத்தகைக்கு விட்ட தோட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டார். மேலே குடியிருப்பில் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் டீச்சர் வீட்டுக்குத்தான் ஆள் வருகிறது. மரத்திலிருந்து விழுந்த ஒருவரை இறக்கினார். காய்ச்சல் கண்ட குழந்தையை அடைமழையில் இறக்கினார். இதையெல்லாம் சொல்கிறவர்கள் என்னைப் பாராட்டுவார்கள். நீங்கள் மாற்றிக் கொடுத்த வண்டியாமே என்பார்கள். எனக்குக் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு எங்காவது போக வேண்டும் போல இருக்கும். அந்தச் சத்தம் மட்டும் மாறிவிட்டிருந்தது. இப்போது சக்கரம் சுற்றுவது கேட்காது. முன் சக்கரம் மண்ணைக் கவ்வுகிற சத்தம் கேட்கும். அதுதான் இன்னும் மோசம்.

அடுத்த ஆவணியில் ஒரு சனிக்கிழமை அவர் வந்தார். முன் சக்கரத்தில் ஆயில் கசிகிறது என்றார். சரிசெய்தேன். அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், விடைத்தாள் இல்லாமல். டீ வாங்கி வரச் சொன்னேன், வேண்டாம் என்றார். பேசியது முழுக்க வண்டியைப் பற்றி மட்டும். அதன்பின் ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால் கொண்டுவருவார். தேனியில் எத்தனையோ பேர் இருக்க, ஏன் என்னிடம் வருகிறார் என்று கேட்கத் தைரியம் வந்ததில்லை. என்னை ஒழுங்காக வேலை பார்க்க வைக்க அதைவிட நல்ல வழி இல்லை என்று நினைத்தாரோ என்னவோ. அந்த ஆக்சிலை ஒவ்வொரு தடவையும் முழுக்கப் பிரித்துப் பார்த்துத்தான் மாட்டுவேன்.

இப்படி ஏழு வருடம். சென்ற வருடம் அவர் ஓய்வுபெற்றார். ஐப்பசியில் ஒரு நாள் காலை, முதன்முறையாக என் போனில் அவருடைய குரல் கேட்டது.

“கண்ணுல ஆபரேசன் பண்ணி எட்டு நாளு ஆகுது. ஓட்டக் கூடாதுன்னுட்டாக. நாளைக்கு மழ வலுக்குமாம். மேல ஒரு பிள்ள நெறமாசமா இருக்கு, இன்னைக்கே எறக்கிரணும். நீங்க வந்து ஓட்டுவீகளா?”

அடுத்த பேருந்தில் போனேன். கறுப்புக் கண்ணாடியோடு அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். இந்தப் பாதைக்கு நான் வருவது இது இரண்டாவது தடவை. முந்தைய நாள் தூறலில் மண் ஈரமாக இருந்தது. இரண்டாவது வளைவு வந்தபோது வேகத்தைக் குறைத்தேன். ஓடைக்கரைப் பள்ளத்தில் இப்போது நாணல் அடர்ந்திருந்தது. அவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பது கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் தெரியவில்லை.

மேலே அந்தப் பெண்ணையும் அவள் மாமியாரையும் பின்னால் ஏற்றிக்கொண்டோம். பதினெட்டு, இருபது வயதிருக்கும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஆள் நடக்கும் வேகத்தில் இறக்கினேன். சரியாக அந்த வளைவில், பயத்தை மறக்கவோ என்னவோ, அவள் டீச்சரிடம் கேட்டாள்:

“வண்டி ஓட்டுறவுக யாரு டீச்சர்? ஒங்க சொந்தக்காரவுகளா?”

வளைவு முடிந்து பாதை நேரானது. “இல்ல ஆத்தா” என்றார் டீச்சர். “எங்க வீட்டுக்காரவுகளுக்குத் தெரிஞ்சவரு.”

அந்தப் பெண் திருப்தியாகத் தலையாட்டியது பின்கண்ணாடியில் தெரிந்தது. நான் பாதையைப் பார்த்து ஓட்டினேன். அண்ணனுக்குத் தெரிந்தவன்தான் நான். தோளில் கை வைத்துப் பேசுமளவுக்குத் தெரிந்தவன். செட் வரவில்லை என்று நான் சொன்னதைக் கடைசிவரை நம்பி, அந்த எலுமிச்சை மரத்தடியில் ஜீப் வரும் சத்தத்துக்குக் காது கொடுத்துக் கிடந்திருப்பார். அவருக்குத் தெரிந்த என்னை எனக்கும் பிடிக்கும். டீச்சருக்குத் தெரிந்தவன் வேறு ஆள். இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் அண்ணனுக்குத் தெரிந்தவனைத் தேர்ந்தெடுத்தார். கருணையா, தண்டனையா? அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணைப் படுக்கையில் சேர்த்துவிட்டு வெளியே வந்தோம். வானம் வருசநாட்டுப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. ஜீப்பின் சாவியை அவரிடம் நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

“கண்ணு சரியாக இன்னும் ஒரு மாசம் ஆகும்னு டாக்டர் சொல்லியிருக்காரு” என்றார். “அதுவரைக்கும் மேல யாரயாச்சும் எறக்கணும்னா ஒங்களத்தான் கூப்புடுவேன்.”

“எப்பக் கூப்புட்டாலும் வாரேன் டீச்சர். எம்புட்டு மழையா இருந்தாலும் வந்துருவேன்.”

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, சிவந்திருந்த கண்ணால் என்னை நேராகப் பார்த்தார்.

“மழ அன்னைக்கு வராதீக” என்றார். “அதுக்கு மொத நாளே வந்துருங்க.”